பூண்டுப் புகை வாசம் அடித்த கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் ஒதுக்கிவிட்டு, புதுக் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் பொறுக்க உட்கார்ந்தேன். அலுவலக வேலைக்கு லேப்டாப் இருக்கிறது. இது கேம் விளையாடுவதற்கென்றே. காதோரம் நரைத்த பிறகு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை என்பதால்தான் உட்கார்ந்தேன். சென்னையில் என்னுடையது மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடினால், திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்பது சாப்பாடு கொண்டு வருகிறவரிடம் "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லும்போது மட்டும்தான்.

இப்போதெல்லாம் பார்ட்ஸ் பொறுக்குவது சின்னப்பிள்ளை விளையாட்டு. இணையதளத்தில் ஒரு பிராசசரை எடுத்தால், அதற்குச் சேரும் மதர்போர்டுகளை அதுவே வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சேராததை எடுத்தால் சிவப்புக் குறி, சேர்ந்தால் பச்சைக் குறி. ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்று கடகடவென்று போய்க்கொண்டிருந்தேன். கேபினெட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி நின்றது. ஃபேன் எத்தனை வேண்டும்? முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என்று அதுவே சிபாரிசும் செய்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருமில்லாத வீட்டில் தன் சிரிப்பைத் தானே கேட்பது அவ்வளவு நன்றாக இருப்பதில்லை.

சிரித்ததற்குக் காரணம் எங்கள் ஊர். கொடைக்கானல் பக்கத்தில் பள்ளங்கி. எங்கள் வீட்டுக் கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து எவர் வீட்டிலும் கிடையாது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கே கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எனக்குக் கழுத்துச் சுளுக்கு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட ஊரில்தான் நானும் யோகுவும் சேர்ந்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினோம்.

யோகு என்றால் யோகராஜ். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவன் பிறந்தது இங்கேதான், ஆனால் அவன் அம்மா சின்ன வயதிலேயே கப்பலில் வந்தவர். எஸ்டேட் ஓரத்தில் வரிசையாக இருக்கும் அவர்கள் வீடுகளை இன்னும் லயம் என்றுதான் சொல்வார். டீ அவருக்குத் தேத்தண்ணி, ரொட்டி அவருக்குப் பாண். நான் போனால் "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார். அந்தத் தேத்தண்ணியின் சாயத்துக்கு இணையாக இன்றுவரை நான் எங்கும் குடித்ததில்லை. சென்னையில் பால்தான் குடிக்கிறேன், அதற்கு டீ என்று பெயர்.

பிளஸ் டூ முடித்த கையோடு நாங்கள் இருவரும் கொடைக்கானல் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தோம். டிக்கெட் பிரிண்ட் எடுப்பது, ஜெராக்ஸ் போடுவது, டூரிஸ்டுகளின் கேமராவிலிருந்து படங்களை சி.டி.யில் ஏற்றிக் கொடுப்பது. சீசன் சமயத்தில் ஒன்றுக்குப் போகக்கூட நேரமிருக்காது. ஆஃப் சீசனில் ஈ ஓட்டலாம் என்று சொல்ல ஆசை, அந்தக் குளிரில் ஈயும் இருக்காது. மழை கொட்டும், மூடுபனி கடை வாசல்வரை வந்து நிற்கும், ஒருவரும் வரமாட்டார்கள். அந்த நாட்களில் நாங்கள் செய்த ஒரே காரியம், திரையில் பார்ட்ஸ் பட்டியல் போட்டு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக் கட்டிக் கலைத்தது. காலையில் நான் ஒன்று கட்டுவேன். மத்தியானம் அதை அவன் கலைப்பான்.

எனக்கு எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டுதான். படம் பளபளவென்று தெரிய வேண்டும், மற்றது எப்படிப் போனால் என்ன. யோகு நேர்எதிர். "மாப்ள, மொதல்ல கரண்ட்டப் பாருடா. நம்ம ஊரு வோல்டேஜுக்கு நீ சொல்ற எஸ்.எம்.பி.எஸ் புஸ்ஸுன்னு போயிரும்" என்பான். எது எதில் ஏறும், எது ஏறாது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிராசசர் உட்கார்கிற குழி ஒவ்வொரு மதர்போர்டிலும் ஒவ்வொரு மாதிரி. வேறு பூட்டின் சாவியைக் கொண்டுபோனால் ஆகாது. நான் கொண்டுபோவேன். உடனே யோகுவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "கூமுட்டை! அது இதுல ஏறாதுடா!" கடைக்கு வெளியே கேட்கும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவனும் மாட்டான். கடைசிப் பேருந்தில் பள்ளங்கி திரும்பும்வரை அந்தச் சண்டை நடக்கும். சில நாட்களில் அவன் மூக்கு சிவப்பதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கினோம். பிராசசரும் ரேமும் அவன் வாங்கியது, மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் நான், மற்றவை இருவரும் சேர்ந்து. திண்டுக்கல்லில் ஒரு கடையில் போனில் சொல்லிவைப்போம். எங்கள் ஊர் பீன்ஸையும் கேரட்டையும் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகிற லாரியின் டிரைவர் அண்ணன், திரும்பும்போது காலிச் சாக்குகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். கேபினெட் வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. லாரியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக இறங்கி ஓடிவந்தார்.

"ஏலே, கடக்காரன் ஏமாத்திப்புட்டான்டா. இம்புட்டுப் பெரிய டப்பா, தூக்குனா வெயிட்டே இல்ல. சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணுமே இல்லாம வெறுங்கூடாக் கெடக்கு!"

அது அப்படித்தான் அண்ணே இருக்கும் என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவேயில்லை. கடைக்காரனோடு நாங்களும் கூட்டு என்று நினைத்திருப்பார்.

அந்தக் கடைக்காரர்தான் போனில் எங்களிடம் முதன்முதலில் ஃபேனைப் பற்றிக் கேட்டவர். கிராஃபிக்ஸ் கார்டு சூடாகும், கேபினெட்டுக்கு இரண்டு ஃபேனாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நானும் யோகுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வாழ்க்கையிலேயே சண்டையில்லாமல் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். "எங்க ஊருல மனுசனுக்கே ஃபேன் கெடையாதுங்க" என்று யோகு பெருமையாகச் சொல்லி போனை வைத்தான்.

கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் முன்னறை ஜன்னலோரம் வைத்தோம். பிராசசருக்கு அதனோடு வந்த சின்ன ஃபேன் மட்டும் இருந்தது. கார் பந்தய கேம் ஒன்று. திரை இரண்டாகப் பிரியும், மேலே என் கார், கீழே அவன் கார். கீபோர்டு ஒன்றுதான். இடதுபக்கம் நான்கு எழுத்துகள் எனக்கு, வலதுபக்கம் அம்புக்குறிகள் அவனுக்கு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் நாள் மூன்றாவது வளைவில் திரை அணைந்துபோனது. தொட்டுப்பார்த்தால் கேபினெட் கொதிக்கிறது. எங்களுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தோம். கொடைக்கானல் குளிர் நேராக உள்ளே இறங்கியது, கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. உலகத்திலேயே பெரிய கூலர் எங்களுடையது என்று யோகு பீற்றிக்கொண்டான். லீவு நாட்களில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கு ஒழுக, விறைத்த விரல்களால் விளையாடினோம். மெஷினுக்கு வேர்க்கக் கூடாது என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மத்தியானம், விளையாட்டின் நடுவில், வெளியே அப்பாவின் சத்தம் கேட்டது. "எலே, மழை வருதுடா, வெரசா வாங்க!" களத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடத்து வெள்ளாமை முழுவதும் அதுதான். இருவரும் எழுந்து ஓடினோம். தார்ப்பாயை ஆளுக்கொரு மூலை பிடித்து இழுத்து, கல் வைத்து, நனைந்ததைத் தனியே பொறுக்கி, கூடைகூடையாகத் தாழ்வாரத்துக்குத் தூக்கி, ஒருவழியாகப் பூண்டைக் காப்பாற்றிவிட்டோம். நல்ல சோலி பார்த்த திருப்தியில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால், அறைக்குள் மூடுபனி நிற்கிறது. திறந்த ஜன்னல் வழியாக வந்திருக்கிறது, கட்டில், அலமாரி எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. திரை கறுப்பு. கிராஃபிக்ஸ் கார்டின் மேல் முத்துமுத்தாக ஈரம்.

யோகு கதவில்லாத கேபினெட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மூக்கு சிவக்கும் என்று பார்த்தேன், சிவக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இத்தனை மாதச் சம்பளம் போயிற்றே என்பதைவிட, இனி இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு எதற்கு வருவான் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் பூண்டைப் பற்றித் தெரியும். எங்கள் பக்கத்தில் விதைப்பூண்டைத் தாளோடு கொத்துக்கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் தொங்கவிடுவோம். புகை பட்ட பூண்டு அழுகாது, முளைக்காது, அடுத்த விதைப்புவரை கிண்ணென்று இருக்கும்.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"ஈரம் பட்டுப்போச்சுப்பா."

"அம்புட்டுத்தான? பூண்டுக்கும்தான் ஈரம் ஆகாது. தூக்கிப் பரண்ல போடு."

நான் சிரித்திருக்க வேண்டும். யோகு சிரிக்காமல் எழுந்துவிட்டான். அவனுக்கு அப்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு பார்ட்டாகக் கழற்றி, பழைய காடாத் துணியில் தளரச் சுற்றி, விதைப்பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே மதர்போர்டையும் கார்டையும் கட்டித் தொங்கவிட்டோம். கம்ப்யூட்டரைப் பரணில் காயப்போட்ட குடும்பம் உலகத்தில் வேறு இருந்தால் எனக்கு எழுதுங்கள். யோகுவின் அம்மாவுக்குச் செய்தி போய், அவர் ஒரு தூக்குவாளியில் தேத்தண்ணியும் பாணும் எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிப்பதுபோல வந்தார். "ஈரத்துக்கெல்லாம் இப்படி இடிஞ்சு போனா மலையில சீவிக்க ஏலுமா? குடிங்க ரெண்டு பேரும்" என்று அதட்டினார்.

ஒரு வாரத்துக்கு மேல் அடுப்புப் புகை குடித்த பிறகு, எடுத்துத் துடைத்துப் பொருத்தினோம். பொத்தானை யோகு அழுத்தவில்லை, என்னை அழுத்தச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். ஓடியது. ஃபேன் சத்தத்தைக் கேட்டு அவனே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரில் பூண்டு வாசம் அடித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கார் நான்காவது ஐந்தாவது வளைவுக்கு வந்து, கார்டு சூடேற ஆரம்பித்ததும், புகையேறிய பூண்டின் வாசம் மெதுவாகக் கிளம்பும். எங்களுக்குப் பசிக்கும். அம்மா அடுப்படியிலிருந்து "என்னடா, வெளையாட்டு சூடு பிடிச்சிருச்சா?" என்று கேட்பாள். வாசத்தை வைத்தே ஆட்டத்தின் நிலவரத்தைச் சொல்வாள்.

அதற்குப் பிறகு யோகு ஊரில் எத்தனை நாள் இருந்தான் என்று கணக்குப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் வேலை குறைந்துபோனது. அவன் அக்காவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் இடம் பார்த்துவிட்டேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். புறப்படுவதற்கு முந்தின நாள் யோகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பாதான் நியாயம் பேசினார்: "அவன் வாங்குன சாமானைக் கழட்டிக் கொடுத்துரு. ஊருவிட்டுப் போற பிள்ள, ஒதவும்."

"கழட்டுனா எனக்கும் ஓடாது, அவனுக்கும் ஓடாதுப்பா. கெடக்கட்டும். நான் வர்றப்ப வெளையாண்டுக்கிருவோம்" என்றான் யோகு.

மறுநாள் வெள்ளனே முதல் பேருந்து. அவன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். யோகு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நானும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன்.

"கூமுட்டை, சைடு கதவத் தொறந்து போட்டுட்டு வெளிய போயிராத."

அவ்வளவுதான். பேருந்து போய்விட்டது.

அதன் பிறகு நான் விளையாடிய விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இடது கையால் என் காரை ஓட்டுவேன், வலது கையால் யோகுவின் காரை ஓட்டுவேன். வலது கை பழகின கை, அதனால் அவன்தான் எப்போதும் ஜெயிப்பான். அவன் ஜெயித்தால் எனக்கு அந்த நாள் பரவாயில்லாமல் போகும். ஒருமுறை எப்படியோ என் கார் முந்திவிட்டது. அன்றைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

யோகு ஒரே ஒரு முறை வந்தான், கல்யாணப் பத்திரிகை வைக்க. அவசரத்தில் வந்தவன் வாசலிலேயே நின்று பேசிவிட்டு அதே பேருந்தில் திரும்பிவிட்டான். அப்புறம் நான் அஞ்சல் வழியில் படித்து, ஒரு கம்பெனியில் தொற்றிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். ஊரில் வீட்டை இடித்துக் கட்டினார்கள். முன்னறை இப்போது டூரிஸ்டுகளுக்கு வாடகை அறை, வெந்நீரும் வைஃபையும் உண்டு. அடுப்படியில் கேஸ் வந்த பிறகு புகையில்லை, புகையில்லாத பரண் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டதாக அப்பா போனில் சொன்னார். "வெறும் டப்பாதான்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போனான்ப்பா." எங்கள் லாரி டிரைவர் அண்ணன் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது.

இதெல்லாம் அந்த ஆறு ஃபேனைப் பார்த்ததும் வரிசையாக வந்து நின்றது. எனக்கு ஒரு யோசனை. நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். பொறுக்கி வைத்திருந்த மதர்போர்டை எடுத்துவிட்டு, அந்தப் பிராசசர் ஏறவே ஏறாத வேறு ஒன்றைப் போட்டேன். தளம் உடனே சிவப்புக் குறி காட்டியது. குறி தெரியாமல் இரண்டு பெயர்களை மட்டும் படம் பிடித்து, யோகுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து என்று மட்டும் கிடந்த பக்கம் அது. "புதுசா ஒண்ணு கட்டுறேன் மாப்ள. பிராசசரும் போர்டும் இதுதான் முடிவு. ஓகேவா?" என்று எழுதினேன்.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி சாயங்காலம் முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவாத தட்டு அப்படியே கிடந்தது. கூமுட்டை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அடுத்த பேருந்தைப் பிடித்துத் திருப்பூருக்கே போய்ச் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம்தான் பதில் வந்தது. முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு குரல் பதிவு. பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"மாப்ள, சூப்பரா இருக்குடா. வாங்கிரு, வாங்கிரு. எனக்கு இதெல்லாம் டச்சே விட்டுப்போச்சு. நீ பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும். பாப்பாவுக்குப் பரீட்சை நடக்குது, பொறவு கூப்புடுறேன், என்ன."

அன்பாகத்தான் பேசினான். ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் எடுத்தால் சரியாக இருக்கும் என்று யோகு சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டாவது முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்கவில்லை.

மதர்போர்டை மாற்றினேன், பச்சைக் குறி வந்தது, ஆர்டர் போட்டேன். பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. நேற்று சாயங்காலம் நானே பொருத்தி ஓட்டிப்பார்த்தேன். சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடேறுவதில்லை. ஆறு ஃபேன் ஓடுகிறதே, எப்படி ஏறும்? ஒரு வாசமும் இல்லை. பரண் போனதும் புகை போனதும் வீட்டுக்கு வீடு நடப்பது, அதற்கெல்லாம் நான் அழ மாட்டேன். நான் தப்புச் செய்தால் மூக்கு சிவக்க ஒருவன் இருந்தான். அவன் இல்லாமல் போனது அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

பக்கக் கதவை இன்னும் மாட்டவில்லை. காலையில் அப்படியே திறந்து போட்டுவிட்டுத்தான் வெளியே போனேன்.